பசுவும் தலைவிதியும்

ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான்?

காலங்காலமாக உலகம் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளைக் கூறி வந்திருக்கிறது. மடத்திலே அமர்ந்தவர் "முன்செய்த வினை" என்றார். மாளிகையிலே அமர்ந்தவர் "சோம்பல்" என்றார். முதல் விடை பழியைக் காணாத பிறவியின்மீது போட்டது. இரண்டாவது விடை, அடிபட்டு வீழ்ந்தவன் மீதே போட்டது. இருவரும் வேறு வேறு மொழியிலே பேசினாலும், ஒன்றிலே ஒத்துப் போயினர்: ஏழைக்குக் கொடுப்பது வீண், கொடுத்தாலும் நிலைக்காது, மீண்டும் அவன் பழைய பள்ளத்திலேயே வீழ்வான் என்பதிலே!

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. சாத்திரம் சொல்லிற்று, சீமான் ஒப்பினான், ஏழையும் நம்பினான். அம்மட்டே! ஆனால் நமது நாளிலே அது சோதிக்கப்பட்டிருக்கிறது. வங்க மண்ணிலே, பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறிப் பிய்த்தெடுத்த ஊர்களிலே, ஆயிரக்கணக்கான குடிசைகளிலே, ஆண்டுக்கணக்கிலே அளந்து பார்த்துச் சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சோதனையின் வரலாற்றையும், அதற்கு முன்னே நடந்த கொடுமையின் வரலாற்றையும் பகுத்தறிவு பேசும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது நமது விருப்பம்.

முதலிலே இங்கிலாந்துக்குச் செல்வோம். நமது மக்களின் வயிற்றை அளந்த படி அங்கேதான் செய்யப்பட்டது.

1601-ல், எலிசபெத் அரசியார் காலத்திலே, அந்நாட்டில் ஏழையர் சட்டம் ஒன்று எழுந்தது. அந்தந்த ஊர்த் திருச்சபை வட்டமே தன் ஏழைகளுக்குப் பொறுப்பு, அதற்கென வரி தண்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். குறைகள் பல இருந்தும், பசித்தவனுக்கு ஊர் பொறுப்பு என்ற எண்ணம் அதிலே இருந்தது. வரி செலுத்திய செல்வர்க்கு அது கசந்தது. 1786-ல் ஜோசப் டவுன்செண்டு என்னும் பாதிரியார் ஏழையர் சட்டத்தைத் தாக்கி ஒரு நூல் தீட்டினார். விலங்கைப் பணிய வைப்பது பசி. மனிதனை வேலைக்கு விரட்டவும் பசியே போதும், சட்டம் வேண்டாம் என்பது அவர் வாதம். அன்பைப் போதிக்க வந்தவர் பசியைச் சவுக்காக்கினார்!

அவருக்குப் பின்னே வந்தார் மால்தஸ். 1798-ல் வெளிவந்த அவர் நூல், மக்கள் பெருக்கம் உணவின் வளர்ச்சியை மிஞ்சியே தீரும், ஆகவே ஏழைக்கு அளிக்கும் உதவி ஏழைகளைப் பெருக்குமேயன்றி ஏழ்மையைப் போக்காது என்றது. செல்வரின் உள்ளத்திலே உறுத்திக் கொண்டிருந்த முள்ளை அறிவின் பெயரால் எடுத்துவிட்டது அந்த நூல். கொடுக்காமலிருப்பது கருமித்தனம் என்று இருந்தது போய், கொடுக்காமலிருப்பதே அறிவுடைமை என்றாகிவிட்டது.

1834-ல் புதிய ஏழையர் சட்டம் வந்தது. உதவி வேண்டுவோர் ஏழையர் விடுதிக்குள் புக வேண்டும். அங்கே கணவன் வேறு, மனைவி வேறு, குழந்தைகள் வேறு எனப் பிரிக்கப்படுவர். வெளியே உள்ள மிகக் கீழான கூலியாளின் வாழ்வைவிட உள்ளே வாழ்வு கீழானதாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. தவறி நேர்ந்ததன்று அந்தக் கொடுமை, திட்டமிட்டு வைத்தது! ஆண்டோவர் என்னும் ஊரின் விடுதியிலே, உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலையிலே வைக்கப்பட்டிருந்தவர்கள், பசி தாளாமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த அழுகல் தசையைக் கடித்துத் தின்றனர் என்ற செய்தி 1845-ல் வெளிப்பட்டு நாட்டையே நடுங்க வைத்தது.

இங்கிலாந்தின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். மால்தஸ் வெறும் நூலாசிரியர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க நடத்திய கல்லூரியிலே 1805 முதல் அவர் பேராசிரியர். இந்தியாவை ஆள வந்த இளைஞர் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அந்தப் பாடத்தின் பயனை நமது முன்னோர் அனுபவித்தனர்.

1873-74ல் வங்கத்திலும் பீகாரிலும் விளைச்சல் பொய்த்தபோது, பொறுப்பிலே இருந்த அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். அவர் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்தார்; தாராளமாக வழங்கினார். பஞ்சச் சாவு மிக மிகக் குறைவு. உயிர் காத்தவருக்குப் பாராட்டுக் கிடைத்ததா? இல்லை. பணத்தை வாரி இறைத்தார் என்ற கண்டனமே கிடைத்தது! அவர் பாடம் கற்றுக் கொண்டார். 1877-ல், நமது பாட்டிமார் "தாது வருடப் பஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி அழுத அந்தப் பெரும் பஞ்சத்தின் போது, வைசிராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பி வைத்தார். இம்முறை அவர் சிக்கனத்தின் திருவுருவாக வந்தார். நாளெல்லாம் கல்லுடைத்து மண் சுமப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்செலவுக்குச் சிறு காசும் போதும் என்றார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்பவர், இது உழைக்கும் உடலுக்குப் போதாது, மெல்லக் கொல்லும் படி இது என்று எதிர்த்து வாதாடினார். மாதங்கள் ஓடின, மக்கள் மடிந்தனர். 1876-78 பஞ்சத்திலே பிரிட்டிஷார் நேராக ஆண்ட பகுதிகளில் மட்டும் மாண்டவர் 50 இலட்சத்துக்கு மேல் என்று பின்னர் அமைந்த பஞ்சக் கமிஷனே கணக்கிட்டது.

அந்தக் கமிஷனின் 1880-ம் ஆண்டு அறிக்கையை ஒட்டிப் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. மழை பொய்த்தால் வேலை திறக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், முடியாதவர்க்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்றன அவை. முன்னிருந்த நிலைக்கு இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிகளின் நோக்கம் எங்கே நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர் பிரியாமல் காப்பதோடு நின்றது! பஞ்சத்திலே மாடு செத்தவனுக்கு, ஏரை விற்றவனுக்கு, தாலியையும் தட்டுமுட்டையும் அடகு வைத்தவளுக்கு மழை வந்த பிறகு என்ன வாழ்வு? அதைப்பற்றி அரசு கவலைப்படவில்லை. மழை பெய்ததும் கஞ்சித் தொட்டி மூடப்பட்டது. மாடில்லாதவன் மறுபடி கூலிக்காரனானான். அடுத்த பஞ்சத்துக்கு முதல் இரையாகக் காத்திருந்தான்.

அடுத்தடுத்த பஞ்சங்கள் அதை மெய்ப்பித்தன. 1943-ல் வங்கத்திலே 15 இலட்சம் பேர் மாண்டனர் என்றது அரசு அமைத்த விசாரணைக் கமிஷன். 30 இலட்சம் வரை இருக்கலாம் என்றனர் பின்னர் ஆராய்ந்தோர். மாண்டவர் யார்? நிலமற்ற கூலிகள், மீனவர்கள், ஊர்த் தொழிலாளர்கள். 1974-ல், விடுதலை பெற்று மூன்றாண்டுகளே ஆன வங்க தேசத்திலே மீண்டும் பஞ்சம். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, உள்ளத்தைச் சுடும் ஓர் உண்மையைக் காட்டினார்: 1971 முதல் 1975 வரையான ஆண்டுகளில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், உணவுத் தானியம் மிகுதியாக இருந்த ஆண்டு அந்த 1974 தான்! நெல் இருந்தது, நெல்லை வாங்கும் ஆற்றல் இல்லை. வெள்ளம் வயல் வேலையை அழித்தது, கூலி போயிற்று, அரிசி விலை ஏறிற்று, கையைத் தவிர வேறு முதலில்லாதவன் செத்தான்.

அந்தப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் ஒன்று வடக்கே உள்ள ரங்பூர். அங்கே பெரும் பஞ்சம் இல்லாத ஆண்டிலும் ஒரு சிறு பஞ்சம் தவறாமல் வரும். நமது புரட்டாசி ஐப்பசிக்கு நிகரான மாதங்களிலே, நட்ட நெல் கதிர் முற்றாதிருக்கும். வயலிலே வேலை இராது. கூலிக் குடிசையிலே அடுப்பு எரியாது. அந்தப் பசிக் காலத்துக்கு "மங்கா" என்று பெயரே வைத்துவிட்டனர். பண்டிகைக்குப் பெயர் இருக்கும், பருவத்துக்குப் பெயர் இருக்கும்; பட்டினிக்கும் பெயர் வைத்து ஆண்டுதோறும் எதிர்பார்த்திருந்த மக்கள் அவர்கள்! கேட்டால், நெற்றியைத் தொட்டுக் காட்டுவர். நாம் "தலையெழுத்து" என்போமே, அதையே அவர்கள் "கபால்" என்பர். நெற்றி என்பது அதன் பொருள். மதம் வேறு, மொழி வேறு, ஏமாற்று ஒன்றுதான்.

இந்த மண்ணிலேதான் மாறுதல் முளைத்தது.

ஃபசல் ஹசன் ஆபேத் என்பவர், 1936-ல் பிறந்தவர், சிட்டகாங்கிலே ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் உயர் அலுவலர். 1970-ம் ஆண்டுப் புயல் வங்கக் கரையிலே இலட்சக்கணக்கானோரை வாரிச் சென்றதைக் கண்டார். 1971-ல் விடுதலைப் போர். போர் முடிந்ததும், இலண்டனிலிருந்த தம் வீட்டை விற்ற பணத்தோடு வந்து, நாடு திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்டித் தரும் பணியை வடகிழக்கே சுல்லா என்ற பகுதியில் 1972-ல் தொடங்கினார். அந்தப் பணியே "பிராக்" என்ற அமைப்பாக வளர்ந்தது.

வீடு கட்டித் தந்தால் போதாது, பிழைப்பு வேண்டும் என்று கண்டனர். அந்நாட்டிலே சிறுகடன் இயக்கம் ஓங்கி வளர்ந்து கொண்டிருந்தது. முகமது யூனுசின் கிராமீன் வங்கி 1983-ல் தனி வங்கியாயிற்று. பிராக்கும் பெண்கள் குழுக்களுக்குக் கடன் வழங்கிற்று. பயன் இருந்தது, ஆனால் ஊரின் கடைக்கோடியிலே இருந்தவள் குழுவுக்குள் வரவே இல்லை! வாரந்தோறும் தவணை கட்ட வேண்டுமே என்று அவள் அஞ்சினாள். அவளைச் சேர்த்தால் குழுவின் பேர் கெடும் என்று மற்றவரும் அஞ்சினர். ஏழைக்கென்று ஏற்பட்ட ஏணியின் முதற்படியே அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

1985-ல் வேறு வழியை முயன்றனர். உலக உணவுத் திட்டத்தின் கோதுமை, கதியற்ற பெண்களுக்கு மாதந்தோறும் இலவசமாகக் கிடைத்து வந்தது. அந்தக் கோதுமை வரும் காலத்திலேயே கோழி வளர்ப்பு முதலிய தொழிலைக் கற்பித்து, சேமிக்கச் செய்து, சிறுகடனும் கொடுத்தால் கோதுமை நின்ற பிறகும் நிற்பார்களா என்று பார்த்தனர். பலர் நின்றனர். ஆனால் அடித்தளத்திலே கிடந்தோர் அதிலும் தவறிப் போயினர். தோல்வியை மூடி மறைக்காமல் எண்ணிப் பார்த்ததிலேதான் அந்த அமைப்பின் பெருமை இருக்கிறது. 2002-ல் ரங்பூர், குரிக்ராம், நீல்பாமாரி ஆகிய வடபுல மாவட்டங்களிலே புதிய திட்டத்தைத் தொடங்கினர். கடனாக அல்ல, உடைமையாகவே கொடுப்பது என்று துணிந்தனர்.

அதன் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் வேலை, கடைசி ஆளைக் கண்டுபிடிப்பது. ஊர் மக்களைத் திரட்டி, தரையிலே ஊரின் படத்தை வரைந்து, வீடு வீடாகக் குறித்து, எவர் வசதியுள்ளவர், எவர் இல்லாதவர் என்று ஊராரைக் கொண்டே வரிசைப்படுத்தினர். பின்னர் ஊழியர்கள் அந்தக் குடிசைகளுக்கே சென்று சரிபார்த்தனர். மனையைத் தவிர நிலமில்லை, உழைக்கும் ஆண்துணை இல்லை, வீட்டு வேலையோ பிச்சையோதான் பிழைப்பு, பள்ளி செல்ல வேண்டிய பிள்ளை கூலிக்குச் செல்கிறது, பொருளீட்டும் உடைமை ஏதுமில்லை என்பன போன்ற அடையாளங்களை வைத்துத் தேர்ந்தனர்.

அடுத்து, அவளே தேர்ந்தெடுக்கும் பொருள்: பசு, ஆடு, கோழி அல்லது சிறு வாணிபத்துக்கான சரக்கு. மிகப் பெரும்பாலோர் கேட்டது பசு. ஆனால் மாடு கறக்கும் வரை வயிறு காத்திராதே! முதல் மாதங்களிலே பசி தாங்காமல் மாட்டை விற்றுவிடாதிருக்கச் சிறு உதவித் தொகை கொடுத்தனர். மாட்டைப் பேணும் முறையைக் கற்பித்தனர். வாரந்தோறும் ஊழியர் ஒருவர் குடிசைக்கே வந்து பார்த்தார். நோய்க்கு மருந்து, சிறுவாட்டுச் சேமிப்பு, மழலைத் திருமணத்தின் தீமை, வரதட்சணைக் கொடுமை, கழிப்பிடத்தின் தேவை, தன் பெயரைத் தானே எழுதும் எழுத்து, இவையெல்லாம் அந்த வாராந்தரப் பேச்சிலே இடம் பெற்றன. ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு ஒரு குழுவும் அமைத்தனர். துணையற்ற பெண்ணின் மாட்டை எவனாவது ஓட்டிச் சென்றால் கேட்க ஆள் வேண்டுமல்லவா? இரண்டாண்டுகள் முடிந்ததும் உதவி நிறுத்தப்படும். மாடு அவளுடையது.

இனித்தான் கேள்வி. உதவி நின்றதும் அவள் மீண்டும் வீழ்ந்தாளா, நின்றாளா?

2007 முதல் ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தனர். 1,309 ஊர்கள், எல்லாத் தரத்தையும் சேர்ந்த 21,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள், ஏழாண்டுக் கண்காணிப்பு. எந்தப் பகுதிக்கு முதலில் திட்டம், எந்தப் பகுதிக்குப் பின்னர் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தனர். இரு பகுதிக்கும் மழை ஒன்று, சந்தை ஒன்று, மக்களின் தன்மை ஒன்று. வேறுபாடு திட்டம் ஒன்றே. ஆகவே பின்னர் காணும் மாறுதலுக்குக் காரணமும் அது ஒன்றே ஆகும். குருட்டு நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

முதலிலே அவர்கள் கண்டது: ஊரிலே வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மாடு வளர்த்தனர், ஏழைப் பெண்கள் வயற்கூலிக்கும் வீட்டு வேலைக்கும் சென்றனர். ஒரு மணி நேர உழைப்புக்கு மாடு தந்த வருவாய், கூலி தந்ததைவிட மிகுதி. அந்தக் குறைந்த கூலி வேலையும் ஆண்டு முழுதும் கிடைக்கவில்லை. மாடு வளர்க்க அவளுக்குத் தெரியாதா? வாங்கப் பணமில்லை!

நான்கு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தனர். திட்டம் வந்த பகுதியின் கடைக்கோடிப் பெண்களுடைய வருவாய், வராத பகுதியின் அத்தகைய பெண்களுடையதைவிட 21 விழுக்காடு உயர்ந்திருந்தது. இலவசமாகக் கிடைத்ததால் சோம்பிப் படுத்தனரா? இல்லை, முன்னைவிட மிகுதியான நாட்கள் உழைத்தனர்! டவுன்செண்டின் சவுக்கு இல்லாமலே உழைத்தனர். பசி அவர்களை உழைக்க வைக்கவில்லை. பசி தீர்ந்ததும், உழைப்புக்கு உரிய பயன் கிடைத்ததும் உழைத்தனர். ஏழாண்டுக்குப் பின்னும் அவர்கள் நிலை தாழவில்லை. அத்துடன், கூலிக்கு ஆள் குறைந்ததால் ஊரிலே மற்றக் கூலிப் பெண்களின் கூலியும் ஏறிற்று. அடிமை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று ஆண்டைகள் முணுமுணுத்திருக்கக் கூடும், முணுமுணுக்கட்டும்!

இதைவிடக் கூர்மையான உண்மை ஒன்று 2022-ல் வெளிவந்த ஆராய்ச்சியிலே கிடைத்தது. அதே வங்கக் குடும்பங்களின் நீண்ட காலக் கணக்கை ஆராய்ந்தவர்கள், உடைமையிலே ஓர் எல்லைக்கோடு இருப்பதைக் கண்டனர். கிடைத்த மாடு அந்தக் கோட்டைத் தாண்டத் துணை செய்தவர்கள் மேலும் மேலும் ஏறினர். கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டவர்கள், மாடு கிடைத்தும், நாளடைவிலே பழைய நிலைக்கே சரிந்தனர். முதலிலே மாடு மட்டும் இருந்து, அதற்குத் துணையாக வண்டியோ கொட்டகையோ பிற கருவியோ இல்லாதிருந்தவர்களே பெரும்பாலும் சரிந்தவர்கள். திறமையிலே அவர்கள் தாழ்ந்தவர்கள் அல்லர். மேலே நிற்பவனும் கீழே கிடப்பவளும் வேறுபட்டது பெரும்பாலும் தொடக்கத்தில் கையிலிருந்த முதலிலேதான்!

தோழர்களே, இதைச் சற்று நின்று எண்ணுங்கள். "கொடுத்தாலும் நிலைக்காது" என்றார்களே, அவர்கள் கண்டது முழுப் பொய்யன்று. அரைகுறையாகக் கொடுத்தால் நிலைக்காது. இருபது அடிப் பள்ளத்திலே வீழ்ந்தவனுக்குப் பத்தடிக் கயிற்றை வீசிவிட்டு, பிடித்து ஏறத் தெரியாதவன் என்று ஏசியதுதான் இத்தனை நூற்றாண்டு வரலாறு! டெம்பிளின் ஒரு பவுண்டு தானியம் பத்தடிக் கயிறு. கோயில் வாசலிலே வீசும் காசு பத்தடிக் கயிறு. தேர்தல் காலத்துச் சேலையும் பத்தடிக் கயிறுதான். கயிறு குட்டையாக இருந்ததை மறைக்கவே விதி என்ற கதை கட்டினர்.

இது வங்கத்துக்கு மட்டும் பொருந்தியதா? எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளிலே 10,495 குடும்பங்களைக் கொண்டு இதே முறையைச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் அதிலே பங்கு கொண்டவர்கள். அவ்விருவரும் மைக்கேல் கிரெமரும் 2019-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். ஆறு நாடுகளின் முடிவையும் சேர்த்துப் பார்த்தபோது, உதவி நின்று ஓராண்டு கழிந்த பின்னும் உணவும் வருவாயும் சேமிப்பும் உயர்ந்தே இருந்தன. ஹோண்டுராஸ் நீங்கலாக ஐந்து நாடுகளில் பயன் செலவை மிஞ்சிற்று. இந்தியாவிலே நான்கு மடங்குக்கு மேல். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் பகுதியிலே பத்தாண்டுக்குப் பிறகும் சென்று பார்த்தனர்; பயன் அழியாதிருந்தது.

ஹோண்டுராஸ் ஏன் தவறிற்று? அங்கே பெரும்பாலோர் தேர்ந்தது கோழி. நோய் கண்டு கோழிகள் செத்தன. முதல் போயிற்று. நமது பக்கத்திலேயே, அந்நாளைய ஆந்திரத்து மேடக் மாவட்டத்திலே நடந்த சோதனையிலும் நிலையான பயன் காணப்படவில்லை. அங்கே கூலி வேலை நன்றாகக் கிடைத்துக் கொண்டிருந்த காலம் அது. மாட்டுக்காகக் கூலியை விட்டனர். ஒன்றிலே வந்தது மற்றொன்றிலே போயிற்று. தோல்விகளையும் நாம் சொல்லுவது ஏன்? பசுவைத் தெய்வமாக்கிய நாடு இது. அதை இன்னொரு வகையிலே தெய்வமாக்கிவிடக் கூடாது என்பதற்காக! பசு மந்திரமன்று. அந்த ஊரிலே எது பயன் தரும், எந்த நோய் வரும், எந்தச் சந்தையிலே விற்கும் என்று ஆராய்ந்து கொடுத்தால் மட்டுமே அது முதல். இல்லையேல் அது வாயில்லாத ஒரு சீவன்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. ஏழைக் குடும்பம் வீழ்வது பெரும்பாலும் ஒரே அடியிலே. கணவன் படுக்கையில் விழுவான், மாடு விற்கப்படும். வெள்ளம் வரும், கூரை போகும். மகளுக்கு மணம் என்பர். வரதட்சணைக்காக வட்டிக்காரன் வாசலிலே நிற்க நேரிடும். ஆகவே ஏற்றி விடுவது பாதி வேலை. அடி விழும்போது தாங்கும் வலிமையைத் தருவது மற்றப் பாதி. சேமிப்பு, மருந்து, கேட்க ஊரிலே ஓர் அவை, வரதட்சணையை மறுக்கும் துணிவு, இவை மாட்டோடு சேர்ந்தே தரப்பட்டது அதனால்தான். சீர்திருத்தம் வேறு, சோறு வேறு என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மூடப் பழக்கமும் ஒரு வெள்ளம்தான். அதுவும் மாட்டை அடித்துக் கொண்டு போகும்.

பிராக் ஒன்றே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இந்தத் திட்டத்தைக் கொண்டு சென்றது. ஆபேத் 2019 டிசம்பரிலே மறைந்தார். ஆனால் ஓர் அமைப்பு, அதுவும் நன்கொடையை நம்பும் அமைப்பு, எத்தனை நாள், எத்தனை பேரைத் தூக்கி நிறுத்தும்? வறுமையை ஒழிப்பது வள்ளலின் வேலையன்று, அரசின் கடமை. அந்தத் திசையிலும் சில அடிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பீகார் அரசு 2016-ல் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. கள்ளையும் சாராயத்தையும் நம்பிப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 2018-ல் அவர்களுக்கும் மற்றக் கடைக்கோடிக் குடும்பங்களுக்கும் பெண்கள் குழுக்களின் வழியாகத் தொழில் முதலும், தொடக்க காலத்து உதவித் தொகையும், வழிகாட்டியும் தரும் திட்டத்தைத் தொடங்கிற்று. தடை போடுவது எளிது. தடையால் பிழைப்பை இழந்தவனுக்கு வழி காட்டுவதே ஆட்சி!

நமது அண்டை மாநிலமான கேரளம், 2021-ல் ஆட்சியேற்ற அமைச்சரவையின் தொடக்க முடிவுகளில் ஒன்றாக, மிகக் கொடிய வறுமையை ஒழிப்பது என்று உறுதி பூண்டது. ஊராட்சிகளைக் கொண்டு தேடி 64,006 குடும்பங்களைக் கண்டறிந்தனர். ஒருவனுக்கு வீடு, ஒருத்திக்கு மருந்து, இன்னொருவனுக்குக் குடும்ப அட்டை, வேறொருத்திக்குத் தொழில் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் தீட்டினர். 2025 நவம்பர் 1-ம் நாள், அந்த வறுமை நீங்கியதாக அரசு அறிவித்தது. கணக்கு முழுமையா, பழங்குடியினர் விடுபட்டனரா என்று வினாக்கள் எழுப்பப்பட்டன. எழுப்பத்தான் வேண்டும், வறுமை ஒழிந்ததா என்று அரசை மக்கள் கேட்பதே ஒரு முன்னேற்றம்.

மாடு கொடுத்துவிட்டால் நிலவுடைமை நீதி வேண்டாம், நியாயக் கூலி வேண்டாம், சாதி ஒழிப்பு வேண்டாம் என்று எவரேனும் கூறுவரானால், அவர்க்கு நாம் சொல்லுவது இது: அந்த ஆராய்ச்சிகள் மெய்ப்பித்தது மாட்டின் மகிமையை அன்று; உடைமையின்மையே வறுமை என்பதை! தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவன், கல்வி மறுக்கப்பட்டவன், கிணற்றடி மறுக்கப்பட்டவன் ஏன் கீழே கிடக்கிறான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எது வேண்டும்? ஒரு மாடு இத்தனை மாறுதலைச் செய்யுமானால், ஒரு காணி நிலம் என்ன செய்யாது? பள்ளிப் படிப்பு என்ன செய்யாது?

இளைஞர்க்கு இதிலே வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலே எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாத குடிசை எது? அட்டை இல்லை, சான்று இல்லை, கையெழுத்துப் போடத் தெரியாது என்பதாலே எந்த அலுவலகத்தின் படியும் ஏறாத பெண் யார்? வங்கத்தார் தரையிலே வரைந்த படத்தை நீங்களும் வரையலாம். அரசு தேடி வரும்வரை காத்திராமல், தேடிக் கண்ட பெயர்களை அரசின் முன்னே வைக்கலாம். "கொஞ்சம் கொடுத்தோமே" என்று அது கூறுமானால், கயிறு எத்தனை அடி என்று கேட்கலாம்.

ரங்பூரின் ஏழைத் தாய் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள், எல்லாம் அங்கே எழுதியிருப்பதாக. சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு: எழுதியிருந்தது அவள் நெற்றியிலே அன்று, நிலப் பதிவேட்டிலே, கூலிக் கணக்கிலே, வட்டிச் சீட்டிலே. நெற்றியில் எழுதியதை அழிக்க முடியாது என்றனர் முன்னோர். ஏட்டிலே எழுதியதை மனிதன் எழுதினான். மனிதனே திருத்தி எழுதலாம்.